தீர்த்தம் பட்ட கார்பனேட்

திருமுழுக்குத் திருநாளுக்கு முந்தின நாள், பாதிரியார் பம்ஃபில் பாடிக்கொண்டே எங்கள் கட்டிடத்துக்குள் வந்தார். யாஷ் நகரத்தில் அன்றைக்கு ஒரு கதவு விடாமல் தீர்த்தம் தெளிப்பார்கள். நான் உலர்த்தும் அடுப்பிலிருந்து கண்ணாடிக் குடுவைகளை எடுத்துக்கொண்டிருந்தேன்.

எங்களுக்கு இருந்தது இரண்டே அறை. ஆப்பரேஷனில் தைக்கிற நூலுக்கான பொருளை அங்கே செய்தோம். தைத்த பிறகு உடம்புக்குள் தானே கரைந்துபோகும் நூல். காய்ச்சுவது ருக்ஸாந்த்ரா, படித்த பெண். பம்பும் குழாயும் நெகுலாய் பொறுப்பு. கழுவுவது, காயவைப்பது, தூக்குவது என் வேலை. எட்டாம் தேதி காலையில் க்ளூஜிலிருந்து நூல் கம்பெனிக்காரர் பூக்ஷா வருவதாக இருந்தது. நூல் அவர் கைக்குத் தாங்காவிட்டால் அறைகளை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். அப்புறம் மூன்று பேரும் தெருவில்தான்.

ருக்ஸாந்த்ரா நூலுக்கான கார்பனேட் பவுடரை எடைபோட்டு, ஒரு கிண்ணத்தில் மூடி வைத்துவிட்டு, நைட்ரஜன் சிலிண்டருக்காகக் கீழே போயிருந்தாள். வேறு பவுடர் கிடையாது.

பாதிரியார் உள்ளே வந்து நாலு மூலையிலும் தெளித்தார். நெகுலாய்க்கு அது போதவில்லை. கிண்ணத்தின் மூடியைத் திறந்தான்.

"சாமி, எங்க பொழப்பே இதுலதான் கெடக்கு. இதுக்குக் கொஞ்சம் கூடவே போடுங்க."

"என்னப்பா இது, உப்பா?"

"உப்பு மாதிரிதான் சாமி. நூலாவும்."

"மூடுடா," என்றேன். என் இரண்டு கையிலும் சுடுகண்ணாடி. பாதிரியார் நான் அவசரப்படுகிறேன் என்று நினைத்துவிட்டார்.

"உனக்கும் உண்டு, பொறு," என்று கிண்ணத்தில் ஒரு வீச்சு, என் தலையில் ஒரு வீச்சு. குடுவைகளில் விழுந்தது சுர்ரென்று ஆவியானது. பவுடரில் விழுந்தது அங்கேயே ஊறியது.

ருக்ஸாந்த்ரா வாசலுக்கு வந்தாள். கிண்ணத்தைப் பார்த்தாள். சிலுவையை முத்தமிட்டாள், தெளிக்கத் தலை குனிந்தாள், பாதிரியார் படி இறங்கும்வரை நின்றாள்.

"மூடிய யாரு தொறந்தது?"

"நான்தான்க்கா. நல்லதுக்குத்தான்…"

"எத்தன சொட்டு?"

"அஞ்சாறு இருக்கும்."

"சாமிக்குக் கை தாராளம்," என்றேன்.

"அடுப்புல வச்சுக் காயவச்சிருவோம்," என்றான் நெகுலாய்.

"அம்பது டிகிரிக்கு முன்னாடியே உருகிடும்டா அது."

"அப்ப அந்தப் பழைய தகர மருந்த ஊத்துங்க. உங்க புது வினையூக்கி மாதிரி அது தண்ணியப் பாத்துச் சிணுங்காது."

"தகரம் உடம்புக்குள்ள தங்கிடும். உலோகமே இல்லாத நூலுன்னுதான் அந்தாளு வர்றாரு. அதுவும் இல்லாம, எத ஊத்துனாலும் தண்ணி தண்ணிதான்."

அவள் எங்களுக்கு முன்பே விளக்கியிருந்தாள். பவுடரில் ஒவ்வொரு துணுக்கும் ஒரு வளையம். வினையூக்கி வளையத்தைத் திறந்து சங்கிலியில் மாட்டும். சங்கிலி தொடங்க ஒரு தலை வேண்டும்; அதை அவள்தான் எண்ணி எண்ணிப் போடுவாள். தண்ணீர் புகுந்தால் அதுவும் தலையாகிவிடும். கணக்கில்லாத தலைகள், ஆளுக்குக் கொஞ்சம், ஒன்றும் நீளாது. நூலுக்குப் பதில் மெழுகுதான் கிடைக்கும்.

ஒரே வழிதான். பவுடரைக் கரைத்து, குளிரவைத்துத் திரும்பப் படிகமாக்கி, பம்பு வைத்து ஈரத்தை உறிஞ்ச வேண்டும். ஆறாம் தேதி, திருநாளன்று, கட்டிடத்தில் வெப்பக் குழாய்களையும் நிறுத்திவிட்டார்கள். காலண்டரில் சிவப்பு எழுத்துப் போட்ட திருநாளில் ஆணிகூட அடிக்காத நெகுலாய், கோட்டோடு வந்து பம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். முட்டைக்கோஸ் இலையில் சுற்றிய இறைச்சி உருண்டைகள் ஒரு சட்டி நிறையக் கொண்டுவந்திருந்தான். ருக்ஸாந்த்ரா தொடவில்லை. நின்றுகொண்டே இருந்தாள், பம்பின் முள்ளைப் பார்ப்பாள், ஜன்னலுக்குப் போவாள், திரும்ப வருவாள்.

"உக்காரும்மா, முள்ளு எங்கயும் ஓடிடாது," என்றேன்.

"நீங்க உக்காந்தீங்களாண்ணே?"

நானும் உட்காரவில்லை.

பவுடர் முக்கால் பங்குதான் திரும்பக் கிடைத்தது. ஏழாம் தேதி மதியம் அதைக் குடுவையில் கரைத்து, சிட்டிகை வினையூக்கி போட்டாள். லாக்டைட் என்று இன்னொரு பொருளும் அதில் சேரவேண்டும். அந்த வினையூக்கிக்கு லாக்டைட் என்றால் கொள்ளை ஆசை. மொத்தமாகக் கொட்டினால் அதையே முதலில் தின்று தீர்த்துவிட்டு அப்புறம்தான் கார்பனேட்டுக்கு வரும். சங்கிலியில் ஒரு பாதி விறைப்பாகவும் மறுபாதி துவண்டும் போகும். அதனால் சொட்டுச் சொட்டாக விட்டாள். கலக்கும் காந்தத் துண்டு வேகமாகச் சுற்றியது, பிறகு மெதுவாக, பிறகு திக்கித் திக்கி.

"இறுகுதுக்கா," என்றான் நெகுலாய்.

"இன்னும் கொஞ்சம்."

"ரொம்ப விட்டா வினையூக்கி செஞ்ச சங்கிலியையே கடிச்சுத் துண்டாக்கும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"தெரியும்டா, சும்மா இரு."

காந்தத் துண்டு நின்றது. அவள் அமிலத்தை ஊற்றி வினையூக்கியின் வாயை அடைத்தாள். குளிர்ந்த சாராயத்தில் கொட்டியதும் வெள்ளை வெள்ளையாக நார் திரண்டது. நல்லதா கெட்டதா என்று பார்த்துச் சொல்ல முடியாது. மறுநாள் விடிந்ததும் உருக்கி இழுத்தாள். ஒரே ஒரு சுருள் வந்தது.

பூக்ஷா கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நூலில் முடிச்சுப் போட்டு இழுத்தார். இன்னொரு முடிச்சு. விரல் சிவக்கும்வரை இழுத்தார். நெகுலாய் வெளியே போய்விட்டு உடனே திரும்பி வந்தான்.

"தாங்குது," என்றார் பூக்ஷா. "இவ்வளவுதானா? ரெண்டு சுருளுன்னீங்களே."

"பவுடர்ல தண்ணி பட்டிருச்சுங்க," என்றாள் ருக்ஸாந்த்ரா.

"எப்படி?"

நெகுலாய்தான் சொன்னான். "சாமி வந்தாருங்க. நான்தான் மூடியத் தொறந்தேன்."

பூக்ஷா அவன் பக்கம் திரும்பினார். "எங்க பாக்கிங் ரூம்ல போன வருஷம் இதே மாதிரி தீர்த்தம் பட்டு ஒரு பெட்டி பஞ்சு போச்சு," என்றார். பிறகு ருக்ஸாந்த்ராவிடம், "அறைக்கு நான் மேல பேசிக்கிறேன். ஆனா ஈஸ்டர் வரைக்கும்தான். அதுக்குள்ள பத்து சுருள், எல்லாம் இதே மாதிரி தாங்கணும். ஒண்ணு அறுந்தாலும் நான் திரும்ப வரமாட்டேன்."

ருக்ஸாந்த்ரா பவுடருக்குப் போன் போட ஓடினாள். அவர் கார் கிளம்புவதற்குள் நான் அடுப்பைப் போட்டுவிட்டேன்.