ஒடிலியா தட்டிய கதவு

1

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு நாறிப்போன மெத்தையிலிருந்து பிறந்தது. லாஸ் ஏஞ்சலஸில் எங்கள் வீடுகளுக்குப் பின்னால் ஓடும் சந்தில் யாரோ வீசிவிட்டுப் போன மெத்தை. அதன்மேல் டயர்கள், அவற்றின்மேல் உடைந்த டிவி, பக்கத்தில் கிழிந்த சோபா. குப்பையைப் பற்றி நாலு வரி புலம்பலாம் என்றுதான் உட்கார்ந்தேன். சந்துக்கு எதிர்ப்புற வீட்டு ஒடிலியா குறுக்கே வந்துவிட்டாள்.

2

முதல் தொடக்கம்: "எல்லையைக் களவாகத் தாண்டிய அன்று ஒடிலியாவின் கண்களில் ஆயிரம் கனவுகள்..."

(அடித்துவிட்டேன். கண்ணில் மண்தான் இருந்ததாம். அவளே சொன்னாள்.)

இரண்டாவது தொடக்கம்: "லீலண்ட் ஈவிரக்கமற்ற..."

(இதுவும் பொய். பக்கத்து வீட்டு லீலண்ட் காலமெல்லாம் பஸ் ஓட்டி அந்த வீட்டை வாங்கியவர். சக்கர நாற்காலியில் இருக்கும் மனைவியைப் பின்வாசல் வழியாகத்தான் வெளியே கொண்டுவர முடியும். குப்பை அந்த வழியை அடைத்துவிட்டது. அவருக்குக் கோபம் வராமல் எனக்கா வரும்?)

"பொறுத்தது போதும். குடியேற்ற அதிகாரிங்களுக்கு போன் போடப்போறேன். காகிதம் இல்லாத கூட்டம் வந்தப்புறம்தான் தெரு இப்படிக் கெட்டுச்சு. எழுத்தாளரே, இதையும் எழுதிக்குங்க!" என்றார்.

ஒடிலியாவுக்கு அந்தக் காகிதம், அதாவது இந்த நாட்டில் தங்க அனுமதி, இல்லை. அவர் போன் போட்டால் அவள் கதை முடிந்தது.

3

மெக்சிகோவில் அவள் ஊரில் தெக்கியோ என்று ஒரு வழக்கம். நம் குடிமராமத்து மாதிரிதான்: பொதுவேலைக்கு வீட்டுக்கு ஓர் ஆள், கூலி கிடையாது. எந்த வீட்டைக் கூப்பிடவில்லையோ, அந்த வீட்டை ஊர் தள்ளிவைத்துவிட்டது என்று பொருள்.

சந்தில் கிடக்கும் குப்பையை அள்ள ஒடிலியா தன் ஊர்க்காரர்களைத் திரட்டினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். லீலண்டையும் கூப்பிடக் கிளம்பினாள்.

"வேலியில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்கறியே, பைத்தியமா உனக்கு?" என்றேன்.

"கூப்பிடாம விட்டா அவரைத் தள்ளிவெச்ச மாதிரி ஆயிடாதா? பாவம், வயசானவரு."

தன்னை நாட்டைவிட்டே தள்ளக்கூடிய ஆளைத் தெருவைவிட்டுத் தள்ளிவைக்கக் கூடாதாம்! (கதைசொல்லி நடுவில் புகுந்து பாராட்டக் கூடாது என்பார்கள். பாராட்டுவேன். என்ன மனுஷி இவள்!)

4

ஒடிலியா லீலண்டின் கதவைத் தட்டினாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று ஒட்டுக்கேட்டேன்.

"தோன் லீலண்ட்," என்றாள், அவர்கள் வழக்கப்படி மரியாதையாக. "சனிக்கிழமை காலைல சந்துக் குப்பைய அள்றோம். உங்க வீட்லேர்ந்து ஒரு ஆள் வரணும்."

"உங்க குப்பைய நான் அள்ளணுமா?"

"சோபா மட்டும்தான் எங்களோடது. என் மச்சான் போட்டான், திட்டியாச்சு.* மெத்தை யாரோடதுன்னு தெரியல. சந்து நம்மளது, நாமதான அள்ளணும்?"

"நான் யாருக்கு போன் பண்ணப்போறேன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். தெருவே பேசுது." படியைவிட்டு இறங்கவில்லை. "அது உங்க இஷ்டம். கையுறை மட்டும் நீங்களே கொண்டாந்துருங்க. எங்ககிட்ட பத்தாது."

லீலண்ட் கதவைச் சாத்தினார்.

(* மச்சான் இதைப் படித்தால் கோபித்துக்கொள்வான். கோபிக்கட்டும்.)

5

முடிவு ஒன்று: சனிக்கிழமை லீலண்ட் கையுறையோடு வருகிறார். (சர்க்கரை தூக்கல்.)

முடிவு இரண்டு: அதிகாரிகளின் வண்டி சந்துக்குள் திரும்பும்போது ஒடிலியா...

(முடியாது. கதையில்கூட அவளைப் பிடித்துக்கொடுக்க மாட்டேன்.)

ஆகவே ஒரு காரியம் செய்கிறேன். லீலண்டுக்கு அந்தப் பக்கத்து வீட்டில் உங்களைக் குடிவைக்கிறேன். ஒடிலியா இப்போது உங்கள் கதவைத் தட்டுகிறாள். வீட்டுக்கு ஓர் ஆள் கேட்கிறாள்.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று லீலண்ட் ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் கையில் போன் இருக்கிறது.