கத்திக்கு உடையவள்

அந்தக் கத்தியை வாங்கிச் சில மாதங்கள் புழங்கிய பிறகு, அதை விற்ற இணையதளத்தில் ரஞ்சனா ஒரு மதிப்புரை எழுதினாள். மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். அலகு ஆள்காட்டி விரலின் நீளம். கட்டைவிரலால் குமிழைத் தள்ளினால் திறந்துகொள்ளும். திறந்ததும் உள்ளிருக்கும் தகடு நகர்ந்து பூட்டிவிடும். அந்தத் தகட்டை விலக்கினாலொழிய மடங்காது. ஆகவே நறுக்கும்போது விரல்மீது மடங்கிவிடுமோ என்று அஞ்ச வேண்டியதில்லை. இடுப்பில் செருகுவதற்கான கொக்கி துப்பட்டாவைக் கிழித்ததால் அதைத் திருகுகளோடு கழற்றிவிட்டதாகவும், அதற்காகவே ஒரு நட்சத்திரத்தைக் குறைத்திருப்பதாகவும் எழுதினாள். வெளியிடுவதற்கு முன் மறுபடி மறுபடி படித்துப் பார்த்தாள். மாட்டுங்காவில் ஒரு காப்பீட்டுத் தரகர் அலுவலகத்தில், பிறர் எழுதும் கடிதங்களைத் திருத்துவது அவள் வேலை. தன் வாக்கியத்தில் பிழை இருப்பதையும் தன் பொருளில் பழுது இருப்பதையும் அவளால் பொறுத்துக்கொள்ள முடிந்ததில்லை.

கத்தி அவளுக்குத் தேவைப்பட்டது ரயிலில். மாலையில் எல்லா நிலையங்களிலும் நின்று டோம்பிவிலிக்குப் போகும் ஸ்லோ லோக்கல் ரயிலின் பெண்கள் பெட்டியில் பாதிச் சமையல் முடிந்துவிடும். பட்டாணி உரிப்பார்கள், கீரை ஆய்வார்கள், பீன்ஸ் நறுக்கி டப்பாவில் அடைத்துக்கொள்வார்கள். வீட்டுக்குப் போனதும் அடுப்பைப் பற்றவைத்தால் போதும். ரஞ்சனாவின் குழுவுக்குத் தலைவி விசாலாக்ஷி. ஓய்வுபெறும் வயதை நெருங்கியவள். ரயில் புறப்படும் இடத்திலேயே ஏறிவிடுவதால், வழியில் ஏறும் தோழிகளுக்கெல்லாம் பையை வைத்தும் துண்டை விரித்தும் இடம் பிடித்துவைப்பாள். ரஞ்சனாவுக்குக் கர்ப்பப்பை அறுவைச் சிகிச்சை நடந்த பின் வந்த மாதங்களில், கூட்டத்தில் ஒருவர் முழங்கைகூட அவள் வயிற்றில் படாமல் பார்த்துக்கொண்டவள். கத்தியை யார் கேட்டாலும் தராத ரஞ்சனா அவளுக்கு மட்டும் தருவாள்.

அந்தப் பெட்டிக்கென்று ஒரு வழக்கம் உண்டு. நிற்கிறவள் உட்கார்ந்திருப்பவளிடம், "எங்கே இறங்குவீர்கள்?" என்று கேட்பாள். பதில் வந்துவிட்டால், இறங்குகிறவளின் இடம் கேட்டவளுக்கு உரியது. சீட்டும் இல்லை, சாட்சியும் இல்லை; ஆனாலும் அதை யாரும் மீறுவதில்லை. விசாலாக்ஷியின் குழு மட்டும் சில நேரம் மீறும்.

தசரா முடிந்த வாரத்தில் ஒரு மாலை. ஜன்னலோரத்தில் இருந்தவள் காட்கோபரில் எழுந்தாள். அந்த இடத்தைச் சயானில் ஏறியபோதே ஒரு பெண் கேட்டு வைத்திருந்தாள். தாராவியில் தோல்பை தைக்கும் பட்டறையிலிருந்து, முஸ்லிம்கள் நிறைந்த மும்ப்ராவுக்குத் திரும்புகிறவள், பெயர் அஸ்ரின். அவள் உட்காரக் குனிவதற்குள், விசாலாக்ஷி தன் பையைத் தூக்கி அங்கே வைத்தாள்.

"ஆன்ட்டி, இந்த இடத்த நான் கேட்டுட்டேன்."

"கேட்டா ஆச்சா? எங்க குரூப் சீட்டுடி இது. மும்ப்ராதானே? அதுவரைக்கும் நின்னா கால் தேஞ்சுடுமா?"

"என் காலு தேயாது. உங்க பை தேஞ்சிருமோ? மடியில வைங்க."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தமிழ் புரியாதவர்களும் பையைப் பார்த்துச் சிரித்தார்கள். விசாலாக்ஷியைப் பார்த்து அந்தப் பெட்டியில் யாரும் சிரித்ததில்லை. அஸ்ரின் பையைத் தூக்கினாள். விசாலாக்ஷி அதை ஒரு கையால் பற்றி, மறு கையை ஓங்கினாள். அந்தக் கையில், ரஞ்சனாவிடம் வாங்கிப் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த கத்தி இருந்தது. அதை மறந்துதான் ஓங்கினாள் என்று ரஞ்சனா பின்னாளிலும் நம்பினாள். ரயில் தண்டவாளம் மாறும்போது ஒரு குலுக்கு. முகத்துக்கு நேராக வந்ததை அஸ்ரின் கையால் பிடித்தாள். ரஞ்சனா மெச்சி எழுதிய தகடு தன் வேலையைச் செவ்வனே செய்தது. அலகு மடங்கவில்லை.

கத்தி கீழே விழுந்தது. நறுக்கிய பீன்ஸின் மேல் ரத்தம் சொட்டியபோது, விசாலாக்ஷியின் வாயிலிருந்து இந்தி வந்தது.

"சாக்கூ! இஸ்கே பாஸ் சாக்கூ ஹை!"

இவளிடம் கத்தி இருக்கிறது என்று அவள் அலறியதைத் திட்டமிட்ட பொய் என்று சொல்ல முடியாது. பயத்தில் பிறந்த பொய் அது. ஆனால் ரயில்வே போலீஸாரிடம் அதைத் திரும்பச் சொன்னபோது அவளுக்குப் பயம் தெளிந்திருந்தது. குழுவில் இருந்த மற்றவர்களும் அதையே சொன்னார்கள்: அந்தப் பெண் கத்தியை உருவினாள், பறிக்கப் போனபோது அவள் கையையே வெட்டிக்கொண்டது. தோல் பட்டறையில் வேலை என்றதும், கேட்டுக்கொண்டிருந்த அதிகாரிக்கும் அது இயல்பாகத்தான் பட்டது. அஸ்ரினைக் கையில் துணி சுற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருந்தார்கள்.

ரஞ்சனாவின் முறை வந்தபோது விசாலாக்ஷி அவள் காதருகில் குனிந்தாள்.

"நீ எதுவும் சொல்ல வேண்டாம். பாக்கலைன்னு சொல்லு, போறும். ரயில்ல கத்தி எடுத்துண்டு போறதே குத்தம்னு உனக்குத் தெரியுமோன்னோ?"

ரஞ்சனாவுக்குத் தெரியும். தான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொல்லிக் கையெழுத்திட்டாள். மேசைமேல் கத்தி கிடந்தது. அவள் அதைப் பார்க்காமல் வெளியே வந்தாள்.

அடுத்து வந்த நாட்களில் அவளுக்கு ஜன்னலோர இடமே கிடைத்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒரு மாலை விசாலாக்ஷி பொட்டலம் ஒன்றை அவள் மடியில் வைத்தாள். உள்ளே ஒரு புதிய மடக்குக் கத்தி.

"பழசு போனாப் போறது. இது அதைவிட ஒசத்தி. கடைக்காரன் சத்தியம் பண்றான்."

ரஞ்சனா அதைத் திறந்து பார்த்தாள். அலகு பக்கவாட்டில் ஆடியது. பிடி கனமாகவும் அலகு லேசாகவும் இருந்ததால் கையில் நிலைகொள்ளவில்லை. நன்றாயிருக்கிறது என்று சொல்லிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

தீபாவளிக்குச் சற்று முன், மாட்டுங்கா நடைமேடையில் பெண்கள் பெட்டி வந்து நிற்கும் இடத்தில் ஓர் ஆண் காத்திருந்தார். தாடி நரைத்தவர், சட்டையில் பசையின் கறை. பெண்கள் நிற்கும் இடம் என்பதால் ஒதுங்கியே நின்றார். ரஞ்சனாவைக் கண்டதும் கைகளைக் கட்டிக்கொண்டு நெருங்கினார்.

"யம்மா, ஒரு நிமிசம். நான் அஸ்ரினுக்குச் சாச்சா, அவ வாப்பாவுக்குத் தம்பி, கரீம் பாட்சா. எம் பட்டறையிலதான் புள்ள வேல பாக்குது."

ரஞ்சனா சுற்றிலும் பார்த்தாள். "என்னை எப்படித் தெரியும் உங்களுக்கு?"

"அவதான் சொன்னா. மாட்டுங்கால ஏறுவாங்க, கண்ணாடி போட்டிருப்பாங்க, கொய்யா நறுக்குனா எல்லாத் துண்டும் ஒரே கனமா இருக்கும்னா. தெனமும் பாத்துக்கிட்டுத்தான வந்திருக்கா."

ரஞ்சனா ரயில் வரும் திசையைப் பார்த்தாள்.

"சண்டைக்கு வரலம்மா. யாரு வெட்டுனா, எதுக்கு வெட்டுனான்னும் கேக்கல. அந்தக் கத்தி யாருது? அத மட்டும் ஸ்டேஷன்ல சொல்லுங்க. புள்ள ஆயுதம் வச்சிருந்தான்னு கேஸ் எழுதியிருக்காங்க. நாளைக்கு எவன் அவளுக்கு வேல கொடுப்பான், எவன் கெட்டுவான்?"

"நான் சொன்னா போலீஸ்காரா நம்புவாளா? அத்தனை பேரும் வேற மாதிரி எழுதிக் கொடுத்திருக்கா."

"நீங்க சொல்லிப் பாத்தீயளா?"

ரயில் வந்துவிட்டது. ரஞ்சனா ஏறினாள். விசாலாக்ஷி துண்டை எடுத்து இடம் விட்டாள்.

"யாருடி அந்த ஆளு?"

"வழி கேட்டார்."

"இவாளுக்கெல்லாம் லேடீஸ் டப்பா நிக்கற எடத்துலதான் வழி கேக்கத் தோணுமாக்கும்."

குர்லா தாண்டும்வரை ரஞ்சனா தன் சமாதானத்தையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்: யார் நம்புவார்கள்? அதுவரை அது உறுதியான சமாதானமாகவே இருந்தது. ஆனால் அவள் எதையும் பாதி சரிபார்த்து விடுகிறவள் அல்ல. நம்பவைக்க என்ன வேண்டும் என்று யோசிக்கத் தொடங்கியதும் சமாதானம் கலைந்தது.

தசராவுக்கு முந்தைய நாள் பெட்டிக்குள் பூஜை நடப்பது வழக்கம். கைப்பிடிகளில் சாமந்திச் சரம் சுற்றி, கதவுக்குச் சந்தனம் இட்டு, பெண்கள் சுண்டலும் பேடாவும் பங்கிடுவார்கள். இந்த ஆண்டு விசாலாக்ஷி, "ஆயுத பூஜைன்னா ஆயுதம் வேண்டாமா? நம்ம கோஷ்டிக்கு இருக்கற ஒரே ஆயுதம் இதுதான்" என்று கத்தியை வாங்கிக் குங்குமத்தை அப்பினாள். முந்தின இரவுதான் ரஞ்சனா அதன் கீலுக்குத் தையல் மெஷின் எண்ணெய் விட்டிருந்தாள். குங்குமம் எண்ணெயில் குழைந்து கீலுக்குள் இறங்கிவிட்டது. பல்குத்தியால் கிளறியும் பழைய பல்துலக்கியால் தேய்த்தும் முழுதும் போகவில்லை. திறக்கும்போது உள்வளையத்தில் செம்மண் நிறத்தில் ஒரு கோடு தெரியும். மும்ப்ராவிலிருந்து வரும் அஸ்ரினின் கத்திக்கு யார் குங்குமம் வைத்திருப்பார்கள்?

காவல் நிலையத்தில் ஒருவர்கூட அந்தக் கத்தியைப் பிரித்துப் பார்த்திருக்கவில்லை. அது யாருடையது என்ற ஐயமே அவர்களுக்கு எழாதபோது எதற்குப் பிரிப்பார்கள்?

மறுநாள் காலை அவள் அலுவலகத்துக்குப் போகவில்லை. அதிகாரி அவளை அடையாளம் கண்டு, இன்னும் என்ன என்பதுபோல் பார்த்தார். கத்தி தன்னுடையது என்று அவள் மராத்தியில் சொன்னாள். அவர் நாற்காலியில் சாய்ந்து, இன்று ஒருத்தி தன்னுடையது என்பாள், நாளை வேறொருத்தி வருவாள் என்றார். கத்தியைத் தன் கண்ணில் காட்ட வேண்டாம், தான் சொல்வதைக் கேட்டபின் பிரித்துப் பார்க்கட்டும் என்று ரஞ்சனா சொன்னாள். கொக்கி இருந்த இடத்தில் திருகு இல்லாத துளைகள், அவற்றில் ஒன்றை அடைத்திருக்கும் நகப்பூச்சு, அலகின் நுனியருகே, மாம்பழக் கொட்டையில் மோதியதால் விழுந்த மிகச் சிறு பொக்கை, கீலுக்குள் குங்குமம். குங்குமம் வந்த கதையையும் அதை வைத்தவள் பெயரையும் சொன்னாள். அன்று மாலை கத்தி யார் கையில் இருந்தது, அந்தக் கை ஏன் ஓங்கியது என்பதையும் வரிசை மாறாமல் சொன்னாள்.

கத்தியை வைத்து முத்திரையிட்டிருந்த பொட்டலத்தைச் சாட்சிகள் முன்னிலையில் பிரித்தார்கள். அதிகாரி ஒரு குண்டூசியைக் கீலுக்குள் விட்டு எடுத்து, வெள்ளைத் தாளில் துடைத்தார். தாளில் சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. இதை அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்.

"பயமாயிருந்தது."

பொய்ச் சாட்சிக்காகவும் ரயிலில் கத்தி கொண்டுவந்ததற்காகவும் அவள்மேலும் வழக்கு வரும் என்றார். ரஞ்சனா தலையசைத்தாள்.

அன்று மாலையே விசாலாக்ஷி தொலைபேசியில் அழைத்தாள். கத்துவாள் என்று ரஞ்சனா எதிர்பார்த்தாள். குரல் தணிந்தே வந்தது.

"வரப்போற பென்ஷன் நின்னுடும்னு வக்கீல் சொல்றார். எத்தனை வருஷம் உனக்கு சீட்டு பிடிச்சு வெச்சேன்டி! பதிலுக்கு என்ன கேட்டேன்? வாயை மூடிண்டு இருன்னேன். அதுகூடவா உனக்குச் சிரமமாப் போச்சு?"

"அந்தப் பொண்ணோட கை, மாமி..."

"கை ஆறிடும். எனக்கு இது ஆறுமா?"

தீபாவளி கழிந்த ஞாயிற்றுக்கிழமை ரஞ்சனா மும்ப்ராவுக்குப் போனாள். வழக்கிலிருந்து அஸ்ரினின் பெயரை எடுத்துவிட்டார்கள் என்று கரீம் பாட்சா ஏற்கெனவே தெரிவித்திருந்தார். நன்றி சொல்லவில்லை, முகவரி கேட்டபோது மறுக்கவும் இல்லை. மூன்றாம் மாடியில் ஒற்றை அறை. கதவைத் திறந்தவள் அஸ்ரினின் தாய் ராபியா. யாரென்று தெரிந்ததும் வழிவிட்டாள்.

அஸ்ரின் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். வலது உள்ளங்கையில் காயம் ஆறித் தழும்பாகியிருந்தது. நடுவிரலும் மோதிர விரலும் விறைத்து நீட்டியபடி நின்றன.

"மடக்க முடியறதா?" என்றாள் ரஞ்சனா.

அஸ்ரின் மடக்கிக் காட்டினாள். மற்ற விரல்கள் மடங்கின. அந்த இரண்டும் அசையவில்லை.

"உள்ளுக்குள்ள நரம்பு அறுந்திருக்காம்," என்றாள் ராபியா. "முந்தாநாளு பெரிய டாக்டருட்ட காட்டுனோம். அப்பமே ஆபரேசன் பண்ணியிருந்தா சேந்திருக்குமாம். இப்பம் ரெண்டு முனையும் உள்ள சுருங்கிப் போச்சாம்."

"அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குத்தானே அனுப்பிச்சா?"

"அனுப்புனாங்க. மறுநாளு ஆபரேசன்னும் சொன்னாங்க. கட்டிலுகிட்டயே போலீஸ் வந்து, கத்தி எங்க வாங்குன, எதுக்கு வாங்குனன்னு கேட்டுக்கிட்டு நின்னாங்க. காலையில ஜெயிலுக்குக் கொண்டுபோயிருவாங்கன்னு பயந்துட்டோம். ராவோட ராவா வீட்டுக்குக் கூட்டியாந்துட்டோம். இங்கன தெருவுல உள்ள டாக்டர் மேலாலத் தச்சு விட்டாரு."

அவள் குரலில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள்.  அந்த இரவு ரஞ்சனா டோம்பிவிலியில், நறுக்கிக் கொண்டுவராத பீன்ஸுக்குப் பதிலாக அப்பளம் பொரித்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தாள்.

"உம்மா, டீ போடுங்க," என்றாள் அஸ்ரின். பிறகு மெஷின் பக்கம் திரும்பி, ஒரு தோல் துண்டை இடது கையால் ஊசிக்கடியில் தள்ளினாள். வலது கையால் மறு முனையைப் பிடிக்கப் பார்த்தாள். அது நழுவி விழுந்தது. எடுத்து வைத்தாள். மறுபடி நழுவியது.

"மேடம், இந்த முனைய மட்டும் கொஞ்சம் இழுத்துப் பிடிச்சிக்கிடுவீங்களா?"

ரஞ்சனா நாற்காலியை நகர்த்தி உட்கார்ந்து, தோலின் விளிம்பை இரு கைகளாலும் பிடித்தாள். மெஷின் ஓடியது. தையல் கோட்டை விட்டு விலகியது. சற்று நேராகி, மறுபடி விலகியது. அஸ்ரின் நிறுத்தவில்லை. ரஞ்சனா பிடியை விடாமல், அந்தக் கோணல் தையல் தன் விரல்களை நோக்கி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.