வரியின் கடைசியில் ஒரு தேதி

"முன்னூத்திப் பதினாறாவது வரி. பிறந்த வருஷம், ரெண்டு இலக்கம்" என்று படித்தேன். எதிரே இருந்த, ஆபீசில் எனக்கு சீனியரான அக்கா "தப்பு" என்று சொல்லி, பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டாள். காலை பத்தரை மணி. அந்தக் கூடத்தில் எங்களைப் போல ஆறு ஜோடிகள் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தோம். வெளியிலிருந்து கேட்டால் ஒன்றாம் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பிப்பது போலிருக்கும். சம்பளம் கொடுத்து ஒப்பிக்கச் சொல்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

எங்களுடையது மருந்துக் கிடங்குகள் வைத்திருக்கும் கம்பெனி. பழைய புரோகிராம்களில் வருடத்தின் கடைசி இரண்டு எண்களை மட்டும் வைத்துப் பல வருடம் காலம் தள்ளிவிட்டார்கள். அடுத்த வருடம் இரண்டாயிரம் பிறந்ததும், மெஷின் அதை நூறு வருடம் பின்னால் கொண்டுபோய் வைத்துவிடும் என்று இப்போதுதான் எல்லோரும் விழித்துக்கொண்டிருக்கிறார்கள். தேதி வாடை அடிக்கிற வரிகளையெல்லாம் தேடிப்பிடித்து அச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். ஒருவர் படிக்க வேண்டும், மற்றவர் சரியா தப்பா என்று குறிக்க வேண்டும்.

இதில் ஒரு வேண்டாத தொல்லையும் உண்டு. எங்கள் ஆபீசில் ஒரு வரியைத் திருத்துபவர், வரியின் கடைசியில் தன்னுடைய இரண்டெழுத்துக் குறியையும் திருத்திய தேதியையும் போட வேண்டும். அந்தத் தேதிகளும் தேடலில் சிக்கியிருந்தன. அவற்றால் கெடுதல் எதுவும் இல்லை. எல்லோரும் "குறிப்பு, விடு" என்று தாண்டிப் போனார்கள்.

மருந்து காலாவதியைச் சரிபார்க்கும் புரோகிராம் வந்தபோது என் குரல் தானாகவே இறங்கியது. மூன்று வருடமாக நான் தொடாத, தொட அனுமதி இல்லாத புரோகிராம் அது. அறிக்கையில் இடம் போதவில்லை என்று யாரோ அதில் வருடத்தின் முதல் இரண்டு எண்களை வெட்டியிருந்தார்கள். இரண்டாயிரம் வரை நன்றாக இருக்கும் மாத்திரை, மெஷினின் கணக்கில் என்றைக்கோ கெட்டுப்போனதாகிவிட்டது. கிடங்குக்காரர்கள் மெஷினை நம்பி இரண்டு அறை நிறைய மருந்தை அழித்தார்கள். ஆஸ்பத்திரிகள் இரண்டு நாள் காத்துக் கிடந்தன.

பிரசவ விடுப்பு முடிந்து நான் வந்த அன்றே மேலாளர் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். அந்த வரி, அதன் முடிவில் என் இரண்டெழுத்து. அதோடு தாள் முடிந்திருந்தது. பிரிண்டர் தாளின் துளை போட்ட ஓரத்தைக் கிழித்துவிட்டுக் கொடுப்பது எங்கள் வழக்கம், அதனால் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அந்தப் புரோகிராமில் நூறு தடவை கை வைத்தவள் நான். மூன்று மாதமாகத் தூக்கமில்லை. "நானாத்தான் சார் இருக்கும்" என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கோப்பு அடுக்கும் பிரிவுக்கு அனுப்பினார்கள். இந்த வாசிப்புக்கு ஆள் போதாமல்தான் இப்போது திரும்பக் கூப்பிட்டிருந்தார்கள்.

அதுகூடப் போகட்டும். அன்றிலிருந்து எனக்கு என்மேலேயே நம்பிக்கை இல்லை. குழந்தைக்குக் காய்ச்சல் மருந்து ஊற்றுவதற்குள் புட்டியின் தேதியை நான்கு முறை படிப்பேன். அப்புறமும் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, "நீங்க ஒரு தடவை பாருங்க" என்பேன்.

இப்போது என் கையில் இருந்த தாளில் ஓரம் முழுசாக இருந்தது. என் இரண்டெழுத்து, பக்கத்தில் தேதி. என் மகள் பிறந்த தேதி. அன்றைக்கு நான் எந்த வரியையும் திருத்தவில்லை. பிரசவ அறையில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தேன்.

அன்று சாயங்காலம் ஆபீசிலிருந்து நேராக வந்து குழந்தையைக் கையில் வாங்கியது அக்காதான். "வேலையைப் பத்தி நினைக்காத. எல்லாத்தையும் நான் பாத்துக்கிட்டேன்" என்றாள். நன்றியில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. மேலாளருக்கு அந்தத் தாளை அச்செடுத்துக் கொடுத்ததும் அவள்தான்.

"ஏன் நிறுத்திட்ட? படி."

"தேதியைப் பாருங்கக்கா."

தாளைத் திருப்பி வைத்தேன். அக்கா பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

"உன்கிட்ட குடுத்த வேலை. முடிச்ச பேரு உனக்கே வரட்டும்னுதான் உன் எழுத்தைப் போட்டேன்."

"நல்ல பேரு வரட்டும்னு போட்டீங்க, சரி. கெட்ட பேரு வந்தப்ப?"

அக்கா பென்சிலைக் கையில் உருட்டினாள்.

"தேதியையும் சேர்த்துக் கிழிச்சது யாருக்கா?"

"நான் உன்னைக் காட்டிக் குடுக்கல." அவள் குரல் மிகவும் தணிந்திருந்தது. "நீயாத்தான ஒத்துக்கிட்ட."

கூடவே இருந்து குழி பறிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். குழிக்குள் நானே இறங்கிப் படுத்ததாக அல்லவா சொல்கிறாள்! காது இரண்டும் சுட்டன. மூன்று வருடமாக என் டிபன் பாக்ஸில் கை விட்டுச் சாப்பிட்டவள், என் மகளின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் கவுன் வாங்கி வந்தவள். அந்தத் தேதி அவளுக்கு மறந்திருக்கவே முடியாது.

"அது வெறும் குறிப்புதான். விடு" என்றாள். "நாலு மாசத்துல நான் ரிட்டயர் ஆயிடுவேன். அடுத்த வரியைப் படி."

தாளோடு எழுந்து நின்றேன். அதே வரியை முதலிலிருந்து, என்னால் முடிந்த அளவு சத்தமாகப் படித்தேன். என் இரண்டெழுத்தைப் படித்தேன். தேதியைப் படித்தேன். "என் பொண்ணு பிறந்த நாள் இது" என்றேன். பக்கத்து மேசையில் வாசிப்பு நின்றது. பிறகு அதற்கடுத்த மேசையில். கண்ணாடி அறைக்குள் மேலாளர் தலையைத் தூக்கிப் பார்த்தார். அக்கா மட்டும் நிமிரவில்லை. நான் இன்னும் படிக்காத வரிகளுக்கு, ஒவ்வொன்றாக, டிக் போட்டுக்கொண்டே போனாள்.