பித்தளைப் பூட்டு

இந்தக் காலத்தில் சாவியே கொடுக்காமல் அறை வாடகைக்கு விடுகிறார்கள். கதவில் நம்பர் பொத்தான்கள், அழுத்தினால் திறந்துகொள்கிறது. நேற்றுத் தங்கியவனுக்கும் அந்த நம்பர் தெரியும், பெருக்க வந்தவளுக்கும் தெரியும். இதைக் கேட்டால் சிரிக்கிறார்கள். நான் கிடங்குக் காவலாளியாக இருந்தவன். பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்காமல் ஒருநாளும் நகர்ந்ததில்லை.

கடலோர அறையை ஏற்பாடு செய்தது மகள். நானும் என் மனைவியும் ஸ்கூட்டரில் கிளம்பினோம். போனுக்குள் ஒருத்தி வழி சொல்லிக்கொண்டே வந்தாள். அவளை நம்பாமல் அங்கங்கே நிறுத்தி ஆட்களைக் கேட்டதில், மத்தியானம் சேர வேண்டியவர்கள் வெயில் தாழ்ந்துதான் போய்ச் சேர்ந்தோம்.

சின்ன அறை. ஒரு கட்டில், ஜன்னல் நிறையக் கடல். மனைவி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கல்யாணமான புதிதிலிருந்து அவள் கேட்டது ஒன்றுதான்: என்னோடு சேர்ந்து கடலில் கால் நனைக்க வேண்டும்.

"நீ போய்ட்டு வா. நான் இங்க இருக்கேன்," என்றேன்.

"எதுக்கு? கட்டில தூக்கிட்டுப் போயிடுவாங்களா?"

"பை இருக்குல்ல."

"பையில உங்க பனியனும் என் மாத்திரையும் இருக்கு. அந்தப் பனியன எடுத்துப் போட்டுக்கிட்டா திருடனுக்குத்தான் அவமானம்."

நான் அசையவில்லை. அவள் முகம் சுருங்கிப்போயிற்று. "தனியா கால் நனைக்க எனக்குக் குழாயடி போதும்," என்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

சுருக்கென்றது. கதவின் வெளிப்பக்கம் பழைய கொண்டி ஒன்று இருந்தது. வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த பித்தளைப் பூட்டை எடுத்தேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பூட்டினேன், மூன்று முறை இழுத்தேன், சாவியைச் சட்டைப்பையில் போட்டேன்.

முழங்கால் தண்ணீரில்தான் நின்றோம். ஓர் அலை வந்து இரண்டு பேரையும் உட்கார வைத்துவிட்டுப் போனது. வாயெல்லாம் உப்பு. அவள் சிரித்த சிரிப்பில் கரையே திரும்பிப் பார்த்தது. நானும் சிரித்துவிட்டேன். பிறகுதான் சட்டைப்பையைத் தொட்டேன். சாவி இல்லை.

சொட்டச் சொட்டத் திரும்பினோம். அறைக்காரம்மா நம்பரை அழுத்திப் பார்த்தார். "என் பூட்டு திறந்துடுச்சு பெரியவரே. உங்க பூட்டுதான் விடமாட்டேங்குது," என்று ரம்பம் கொண்டுவர ஆள் அனுப்பினார். வர நேரமாகும் என்றார்.

நான் கதவைப் பார்த்தபடியே நின்றேன். மனைவி என் கையைப் பிடித்தாள்.

"ஏங்க, இப்ப இதுக்குள்ள யாராவது போக முடியுமா?"

"எவனாலயும் முடியாது."

"உங்களாலயே முடியாது. அப்புறம் எதுக்குக் காவல்? வாங்க."

பூட்டை இன்னொரு முறை இழுத்துப் பார்த்தேன். போனோம். சூரியன் தண்ணீருக்குள் முழுக்க இறங்கும்வரை ஒருவர் கையை ஒருவர் விடாமல் நின்றோம். ஒவ்வொரு அலைக்கும் அவள், "வருது, வருது" என்று என் தோளில் தொங்கினாள். எனக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

ரம்பக்காரன் கொண்டியைத்தான் அறுத்தான். பூட்டு அசையவில்லை என்பதை எல்லாருக்கும் காட்டினேன்.

விடிந்ததும் மறுபடி கடலுக்குக் கிளம்பினாள். இனிக் கொண்டி கிடையாது. கதவைச் சாத்தினேன், தானாகப் பூட்டிக்கொண்டது. மூன்று முறை இழுத்தேன். பிடித்துக்கொண்டுதான் நின்றது.

"நம்பிக்கை வந்துச்சா?" என்றாள், படியிலிருந்து.

"இப்ப பிடிக்குது. நாம போனப்புறம் என்ன பண்ணுமோ," என்றேன். திரும்பித் திரும்பிப் பார்த்தபடி அவள் பின்னால் நடந்தேன்.