மஞ்சள் பெட்டியில் முட்டை

மாடியம்மாவிடம் யாராவது ‘உன்னால் இது முடியாது’ என்று சொல்லிவிட்டால் போதும், அதைச் செய்து காட்டாமல் அவளுக்குச் சோறு இறங்காது. கோழி வளர்ப்பும் அப்படி வந்ததுதான். “உன் புருஷனே உன் பேச்சைக் கேக்கமாட்டார், கோழியா கேக்கப்போகுது” என்று அவளுடைய அக்கா போனில் சிரித்தாள். மறுவாரமே வீட்டுக்குப் பின்னால் கம்பிவலைக் கூண்டு எழும்பியது. இன்னும் முட்டையிடத் தொடங்காத பழுப்பு நிறக் கோழிகள் ஒரு கூட்டம் வந்து இறங்கின.

செய்வதைத் திருந்தச் செய்கிறவள் அவள், அதை மறுக்க முடியாது. தச்சரை வைத்து முட்டையிடும் பெட்டிகள் அடித்தாள். அவளே உட்கார்ந்து பளீரென்று மஞ்சள் பெயின்ட் பூசினாள். உள்ளே மரச்சுருள் பரப்பி, வாசலில் பழைய புடவையைக் கிழித்துத் திரை கட்டினாள். போதாக்குறைக்குத் தச்சரிடம் மரத்தில் முட்டைகள் கடைந்து வாங்கிப் பெட்டிக்கு ஒன்றாக வைத்தாள். அதைப் பார்த்தால் இளங்கோழிகள், முட்டையிடும் இடம் இதுதான் என்று நம்பிவிடுமாம்.

கோழிகளின் கொண்டை சிவந்தது. முதுகில் கை வைத்தால் பதுங்கி உட்கார்ந்தன. இன்றோ நாளையோ முட்டை என்ற நிலைமை. ஆனால் பெட்டிப் பக்கம் ஒன்றும் எட்டிப்பார்க்கவில்லை. மாடியம்மாதான் நிமிஷத்துக்கு ஒருதரம் திரையைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு கோழியைப் பிடித்து உள்ளே உட்காரவைத்து, “இரு, இரு, பயப்படாதே” என்று தலையைத் தடவினாள். அவள் கையை எடுத்ததும் அது இறங்கி ஓடியது.

இந்தக் கூத்தையெல்லாம் தையல் மிஷினுக்குப் பின்னால் இருந்து பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தவள் கீழ்வீட்டு டெய்லரம்மா. தனியாள். பல வருஷமாக மாடியம்மாவின் கீழ்ப் போர்ஷனில் வாடகைக்கு இருக்கிறாள். வெளிச்சத்துக்காக அவளுடைய பின்கதவு எப்போதும் திறந்தே இருக்கும். அது சரியாகக் கோழிக் கூண்டைப் பார்த்த கதவு. பகலில் திறந்துவிட்ட கோழிகள் அந்த வாசல்வரை மேயும். மாடியம்மாவை அவள் அக்கா என்றுதான் கூப்பிடுவாள். இருவரும் சாயங்காலம் படிக்கட்டில் உட்கார்ந்து டீ குடிக்காத நாள் கிடையாது.

ஒருநாள் காலையில் திரையைத் தூக்கினால், மர முட்டைக்குப் பக்கத்தில் சின்னதாக, பழுப்பாக ஒரு நிஜ முட்டை. மாடியம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. “டெய்லரம்மா!” என்று தெருவுக்கே கேட்கும்படி கத்திக்கொண்டு அந்தக் கதவுக்குள் ஓடினாள். அந்த ஒற்றை முட்டையில் ஆம்லெட் போட்டு மூன்று பங்காக்கினாள். புருஷனுக்கு வந்தது ஒரு வாய். அக்காவுக்குப் போன் பறந்தது. அதன் பிறகு தினமும் பெட்டியில் முட்டைகள். தெருவில் கோழி வைத்திருப்பவர்கள் பெட்டியைப் பார்க்க வந்தார்கள். மாடியம்மா திரையைத் தூக்கிக் காட்டிப் பாடம் எடுத்தாள். “பொறுமை வேணும். அதோட மனசு தெரியணும்” என்பாள்.

அப்படிக் கோழி மனசு தெரிந்தவள்தான் ஒரு விடிகாலையில் வழக்கத்தைவிடச் சீக்கிரம் கீழே இறங்கினாள். பெட்டியின் முன்னால் டெய்லரம்மா குனிந்திருந்தாள். ஒரு கை திரைக்குள் இருந்தது. இன்னொரு கையில் முட்டை.

“எத்தனை நாளா இது?” என்றாள் மாடியம்மா.

டெய்லரம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. “அக்கா, நீங்க நினைக்கிற மாதிரி இல்ல...”

“கேட்டா குடுத்திருக்கமாட்டேனா? கூட உக்காந்து டீ குடிச்சிட்டு, விடியறதுக்குள்ள வந்து கைய விடறியே.”

அதை அவள் மெதுவாகச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. முதல் பஸ்ஸுக்குப் போகிற வழியில் ரவிக்கை வாங்க வந்த ஒரு பெண் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். டெய்லரம்மா அவளைப் பார்த்தாள், மாடியம்மாவைப் பார்த்தாள், முட்டையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா? மத்தியானத்துக்குள் தெரு முழுக்க ‘முட்டைத் திருடி’ என்று ஆகிவிட்டது. தைக்கக் கொடுத்திருந்தவர்களில் சிலர் வந்து துணியைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்கள். டெய்லரம்மா வேறு வீடு தேடுகிறாள் என்று அவர்களே மாடியம்மாவிடம் சொன்னார்கள். போகட்டும் என்றாள் மாடியம்மா. பெட்டிக்குள் மனிதக் கை போகிற வழியையெல்லாம் அடைத்து, ராத்திரிக்குக் கூண்டுக் கதவில் பூட்டும் போட்டாள், விடிந்த பிறகு அவளே திறந்துவிட்டாள்.

மறுநாள் பெட்டியில் மர முட்டைகள் மட்டும் இருந்தன. அதற்கு அடுத்த நாளும் அப்படியே. அவள் புருஷன் பேசுவதே அபூர்வம், அன்றைக்குப் பார்த்து வாயைத் திறந்தார்.

“பூட்டு போட்டா முட்டை கூடணும். நின்னுபோச்சுன்னா, அவ எடுக்க வந்தாளா, வைக்க வந்தாளா?”

அவள் அவர்மேல் எரிந்து விழுந்தாள். ஆனால் அந்தக் கேள்வி நெஞ்சில் முள்ளாகத் தைத்துவிட்டது. அடுத்த நாள் காலையில் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்து கோழிகளையே கவனித்தாள். ஒரு கோழி கொக்கரித்துக்கொண்டு அலைந்தது. மஞ்சள் பெட்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேராக டெய்லரம்மாவின் சாத்திய கதவுக்கு முன்னால் போய் நின்று குரல் கொடுத்தது. கதவு ஒரு சாண் திறந்தது. கோழி உள்ளே போனதும் மூடிக்கொண்டது.

மாடியம்மா போய்க் கதவைத் தள்ளினாள். வெட்டுகிற மேஜைக்கு அடியில், இருட்டில், வெட்டுத்துணி அடைக்கிற சாக்குமூட்டை வாய் திறந்து கிடந்தது. கோழி அதில் ஏறி, ரவிக்கைத் துண்டுகளைக் காலால் ஒதுக்கி, சொந்த வீடு மாதிரி உட்கார்ந்தது. அதன் பக்கத்தில் பழுப்பு முட்டைகள் குவிந்திருந்தன. ஒன்றைக்கூட யாரும் தொட்டிருக்கவில்லை.

“ஆரம்பத்துலேர்ந்தே இங்கதான் அக்கா இடுதுங்க,” என்றாள் டெய்லரம்மா. “பெட்டில பெயின்ட் வாசனை போகலை போல. முதல் முட்டையக் குடுக்கத்தான் வந்தேன். நீங்க கூண்டுகிட்ட நின்னு, உங்க அக்கா போன்ல கேலி பண்றாங்கன்னு கண்ணு கலங்கிட்டிருந்தீங்க. நீங்க மேல போனதும் பெட்டில வச்சிட்டேன். அப்புறம் நீங்க அவ்வளவு சந்தோஷமா ஓடி வந்தீங்க, எப்படிச் சொல்றது?”

“இதையாவது கொண்டுவந்து குடுத்திருக்கலாமே,” என்றாள் மாடியம்மா. கேட்ட பிறகுதான் எவ்வளவு மடத்தனமான கேள்வி என்று புரிந்தது.

“இத்தனை முட்டைய என் வீட்லேர்ந்து எடுத்துட்டு வந்தா, என்ன சொல்லியிருப்பீங்க?”

மாடியம்மாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தெருவையே கூட்டித் திரையைத் தூக்கிக் காட்டியதும், அதோட மனசு தெரியணும் என்று பேசியதும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. அவளுடைய பெருமையைத் தினமும் விடிகாலையில் எழுந்து கொண்டுவந்து வைத்தவள் இவள். அந்தக் கையைத்தான் அவள் திருட்டுக் கை என்றாள். பூமி பிளந்து விழுங்கிவிட்டால் தேவலை என்றிருந்தது. “தப்பு பண்ணிட்டேன்மா, மன்னிச்சிடு, போகாதே” என்று அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

டெய்லரம்மா கைகளை உருவிக்கொள்ளவில்லை. “கோவம் இல்லக்கா. ஆனா இனிமே இந்த வீட்ல எதை எடுத்தாலும் எனக்குக் கை நடுங்கும்,” என்றாள். “அந்த மூட்டைய விட்டுட்டுப் போறேன். அதுங்களுக்குப் பழகிடுச்சு.”

அன்றே மாடியம்மா தெருவில் இறங்கினாள். ரவிக்கைக்காரியில் தொடங்கி, பெட்டி பார்க்க வந்தவர்கள் வீடு ஒவ்வொன்றாக ஏறி, என் பெட்டியில் ஒரு கோழியும் முட்டையிட்டதில்லை, அவள்தான் கொண்டுவந்து வைத்தாள், திருடினாள் என்றது என் கொழுப்பு என்று சொன்னாள். முகத்துக்கு நேரே சிரித்தார்கள், சிரிக்கட்டும் என்று நின்றாள். சிலர், “நீங்க நல்லவங்க, விட்டுக் குடுக்கறீங்க” என்றார்கள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால்?

டெய்லரம்மா மிஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள். போகும்போது வழக்கம்போல, “வரேன் அக்கா” என்றுதான் சொன்னாள்.

மாடியம்மா பெட்டிகளின் மஞ்சள் பெயின்டைச் சுரண்டி எடுத்தாள். மரச்சுருளைக் கொட்டிவிட்டு, சாக்கிலிருந்த வெட்டுத்துணியை அள்ளிப் பரப்பினாள். திரையைத் தூக்கிப் பார்ப்பதை விட்டுவிட்டாள். கோழிகளும் சில நாள் அந்தப் பூட்டிய கதவுக்கு முன்னால் போய் நின்று பார்த்தன.

பிறகு ஒரு காலையில் பெட்டிக்குள்ளிருந்து கொக்கரிக்கும் சத்தம் கேட்டது. கோழி இறங்கி வந்ததும் அவள் கையை விட்டுப் பார்த்தாள். பூப்போட்ட ரவிக்கைத் துண்டுகளுக்கு நடுவில், சூடு ஆறாமல், ஒரு முட்டை இருந்தது. யாரும் கொண்டுவந்து வைக்காத முதல் முட்டை.

“டெய்லரம்மா!” என்று கத்திக்கொண்டே திரும்பினாள். கதவில் பூட்டு தொங்கியது. முட்டையைக் கையில் பிடித்தபடி, எங்கே வைப்பது என்று தெரியாமல் அங்கேயே நின்றாள்.