தண்ணீர்ப் பொறுப்பு

"உங்க அம்மா ஆமான்னு சொன்னா, அது ஆமாதானா?" என்று எர்லிந்தா பராகான் என்னிடம் ஒருமுறை கேட்டார். எங்கள் குடியிருப்பின் துணி துவைக்கும் கொட்டகையில், ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தின் மேல் ஃபைலை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். இயந்திரத்தோடு சேர்ந்து ஃபைலும் நடுங்கியது.

நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாமல் இருப்பது எனக்குக் கைவந்த கலை. ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கச் சொன்ன ஆசிரியையிடமும் அப்படித்தான் இருந்தேன். மூன்றாவது முறை அவர் சொன்னதற்கு மறுநாள் பள்ளிக்கூடம் போகவில்லை. அதன் பிறகு போகவே இல்லை. இரண்டு வருடமாகத் திராட்சையைப் பெட்டியில் அடுக்குகிறேன். சொல்லாமல் விட்டதையெல்லாம் மெத்தைக்கு அடியில் இருக்கும் நோட்டுகளில் எழுதி வைப்பேன். அது யாருக்கும் தெரியாது.

"போன மாசக் கூட்டத்துல முப்பத்தோரு வீட்டுக்காரங்க ஆமான்னாங்க செனாய்டா. நீ ஒருத்திதான் வாயத் திறக்கல. அதான் உன்கிட்ட கேக்கறேன்" என்றார்.

விஷயம் தண்ணீர்தான். பாதாம் தோட்டத்துக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவில் முப்பத்தெட்டு டிரெய்லர் வீடுகள். எல்லோருக்கும் ஒரே கிணறு. வருடக்கணக்காகத் தோட்டத்துக்குப் போட்ட உரம் கிணற்றில் இறங்கிவிட்டது. குழந்தைகளுக்கு ஆகாது என்று குழாயடியில் ஸ்பானிஷில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள். என் அம்மா அந்தத் தண்ணீரைத்தான் நன்றாகக் கொதிக்க வைத்து அக்காவின் கைக்குழந்தைக்குப் பால் கலக்கிக்கொண்டிருந்தாள். கொதிக்கக் கொதிக்க அந்த உரம் இன்னும் கெட்டிப்படும் என்று மருத்துவமனையில் சொன்ன பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. நகரத்துக் குழாயை இங்கே வரை இழுத்துத்தர மாவட்ட அலுவலகம் ஒப்புக்கொண்டிருந்தது. பாதிக்கு மேற்பட்ட வீடுகள், அதாவது இருபது வீடுகள், சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். செவ்வாய்க்கிழமை கடைசி நாள். அதுவரை ஒரு கையெழுத்துகூட விழவில்லை. உங்கள் ஆட்களுக்கே வேண்டாம் என்றால் குழாயை வேறு ஊருக்குக் கொடுத்துவிடலாம் என்று எர்லிந்தாவுக்கு அவருடைய மேலதிகாரி எழுதியிருந்தாராம்.

இந்தப் பள்ளத்தாக்கில் ஸ்பானிஷ் பேசுகிற யாரும் எர்லிந்தாவைத் தெரியாது என்று சொல்ல மாட்டார்கள். மெக்சிகோவிலிருந்து தக்காளி பறிக்க வந்தவர்களின் மகள். மாவட்ட அலுவலகத்தில் எங்களுக்காகப் பேசுவதே அவருக்கு வேலை. பேருந்து நிறுத்தத்துக்குக் கூரை போட்டதும், பிரசவ வார்டில் ஸ்பானிஷ் தெரிந்த ஆளை உட்கார வைத்ததும் அவர்தான். அவருடைய காரின் பின்பக்கத்தில் எப்போதும் பன்னிரண்டு மடக்கு நாற்காலிகள் இருக்கும். எங்கே நிறுத்தினாலும் அங்கே ஒரு கூட்டம் போட்டுவிடுவார்.

இயந்திரம் நின்றது. அமைதியில் என் குரல் எனக்கே கேட்டது. "அது ஆமா இல்லம்மா. கேட்டுக்கிட்டேன், போயிட்டு வாங்கன்னு அர்த்தம்."

"மரியாதைக்கா?"

"மரியாதைக்கும்தான். பாதி பேருக்கு நீங்க பேசுறது புரியாது. எங்களுக்கு ஸ்பானிஷ் கடைக்குப் போயிட்டு வர்ற அளவுக்குத்தான் வரும். வீட்டுல நாங்க மிஷ்டெக் பேசுறோம், அது எங்க மலைக்காரங்க பாஷை."

அவர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். "எல்லாத் தாளையும் ஸ்பானிஷ்ல போடணும்னு இருபது வருஷம் சண்டை போட்டேன்" என்றார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, தரையைப் பார்த்துச் சொன்னார். பிறகு நிமிர்ந்து, "சரி, புரிஞ்சவங்க ஏன் போடல?" என்று கேட்டார்.

மெக்சிகோ மலையில் இருக்கும் எங்கள் ஊரில் தண்ணீர்க் காகிதத்தில் பெயர் எழுதுகிறவன் அந்த வருடம் தண்ணீர்ப் பொறுப்பை ஏற்றுக்கொள்கிறான். சம்பளம் கிடையாது. மலையேறிக் குழாயைப் பார்க்க வேண்டும், அடைப்பு எடுக்க வேண்டும், சண்டையைத் தீர்க்க வேண்டும். ஒரு வருடம் முழுக்க வேறு வேலை செய்ய முடியாது. என் அப்பா ஃபிதென்சியோ அந்தப் பொறுப்பில் இருந்த வருடம் எங்கள் நிலத்தில் சோளம் விதைக்கவில்லை. வருடம் முடிந்ததும்தான் அவர் எல்லை தாண்டி வடக்கே வந்தார். இங்கே முதல் கையெழுத்துப் போடுகிறவன் தலையில் அந்தப் பொறுப்பு விழும் என்று முப்பத்தெட்டு வீட்டுக்கும் தெரியும். அவரவர் அடுத்தவர் போடட்டும் என்று காத்திருந்தார்கள்.

இவ்வளவையும் நான் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் இருந்த வருடங்களில் மொத்தமாகக்கூட நான் இவ்வளவு பேசியதில்லை.

"ஞாயித்துக்கிழமை கூட்டம் போடுறேன். நான் சொல்றத நீ உங்க பாஷையில சொல்லணும்" என்றார் எர்லிந்தா.

ஆமா என்றேன். அது எந்த ஆமா என்று அவர் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு நாற்காலிகளும் நிறைந்து, மீதிப் பேர் பழப்பெட்டிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள். அப்பா கடைசியில், துணிக்கொடிக்குப் பக்கத்தில் இருந்தார். எர்லிந்தா எங்கள் மொழியில் ஒரு வரி மனப்பாடம் செய்து வந்திருந்தார். எங்கள் மொழியில் குரலைத் தூக்கிச் சொன்னால் ஒன்று, இறக்கிச் சொன்னால் வேறொன்று. நம்ம ஊருக்குத் தண்ணி வரணும் என்று சொல்ல வந்தவர், நம்ம ராத்திரிக்குத் தண்ணி வரணும் என்றார்.

"பகல்ல வேண்டாமாம்பா" என்றார் எதிர் டிரெய்லர் எலிஹியோ மாமா. எல்லோரும் சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று நான் சொன்னதும் எர்லிந்தாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் நான் எழுந்து நின்றுவிட்டேன். கையெழுத்துப் போட்டால் யாருக்கும் பொறுப்பு வராது, நகரத்துக்காரர்களே எல்லாம் பார்த்துக்கொள்வார்கள் என்று அவர் சொன்னதைச் சொன்னேன். இத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம்.

"பொறுப்பு யாருக்கும் கிடையாதா?" எலிஹியோ மாமா தொப்பியைக் கழற்றினார். "அப்போ குழாய் உடைஞ்சா யார்கிட்ட போய் கத்துறது?"

"ஒரு நம்பர் இருக்கு. போன் பண்ணணும்."

"நம்பர் வந்து மண்ணு தோண்டுமா?"

"பொறுப்புக்கு ஆளே இல்லாத தண்ணிய எப்படிம்மா நம்பிக் குடிக்கிறது?" என்றாள் பக்கத்து டிரெய்லர் ஒடிலியா அக்கா. தலைகள் ஆடின. பின்னால் இரண்டு பேர் எழுந்து கால்சட்டைத் தூசியைத் தட்டினார்கள். நான் ஒரு சொல் விடாமல் அப்படியே எர்லிந்தாவிடம் சொன்னேன். குறைத்துச் சொல்லியிருக்கலாம். எனக்கு அது தெரியவில்லை.

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி சட்டை நுனியில் துடைத்தார். "பொறுப்பு எனக்குன்னு சொல்லு. உடைஞ்சா என் வீட்டுக்கு வந்து கத்தச் சொல்லு. வீடு எங்கன்னு எல்லாருக்கும் தெரியும்."

சொன்னேன்.

"இவங்க எத்தன வருஷமா பொறுப்புல இருக்காங்க?" என்று ஒடிலியா அக்கா கேட்டாள்.

"இருபத்திரண்டு" என்றார் எர்லிந்தா.

எழுந்து நின்ற இருவரும் உட்கார்ந்தார்கள்.

"ஒரு வருஷம் முடிஞ்சா விட்டுரணுமே" என்றாள் அக்கா. "அந்த ஊர்ல வேற ஆளே இல்லையா?"

"ஏதோ பெரிய தப்பு பண்ணியிருக்காங்க. இல்லன்னா இப்படி மாட்டி வைப்பாங்களா?" என்றார் மாமா.

நான் மொழிபெயர்த்ததும் எர்லிந்தாவுக்கு வந்த சிரிப்பு கண்ணில் தண்ணீர் வரும் வரை நிற்கவில்லை. "அது என்ன தப்புன்னு எனக்கும் யாராவது சொன்னா நல்லாருக்கும்" என்றார். பிறகு, சிரிப்பு முடியாமலே, "ஆனா பிடிச்சுத்தான் இருந்தேன்னு சொல்லு" என்றார். அந்த வரிக்கு எங்கள் மொழியில் சரியான சொல் தேட எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. பொறுப்பைப் பற்றி யாரும் எங்களிடம் அப்படிச் சொன்னதில்லை.

ஒடிலியா அக்கா எழுந்து மேஜைக்கு வந்தாள். "பாவம், தனியா எத்தன வருஷம்தான் சுமப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே பேனாவை வாங்கினாள். தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக, பூத்தையல் போடுவது போல நிதானமாக எழுதினாள். அவளுக்குப் பின்னால் மாமா. அவருக்குப் பின்னால் ஒரு வரிசை உருவானது. வெயில் தோட்டத்துப் பக்கம் சாயும்போது எர்லிந்தா தாள்களை எண்ணினார். பத்தொன்பது. மறுபடி எண்ணினார். பத்தொன்பதுதான், இன்னும் ஒன்று வேண்டும். மற்ற வீடுகளில் சிலர் வேலைக்குப் போயிருந்தார்கள், சிலர் வரவே இல்லை. மேஜையில் பெயர் எழுதாத தாள் ஒன்று காற்றில் தூக்கியது. அதை எர்லிந்தா பேனா பிடித்த கையால் அமுக்கினார்.

அப்பா எழுந்து வந்தார். என்னைப் பார்க்கவில்லை. இவ்வளவு பேர் முன்னால் நான் பேசியதைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று முகத்தில் தெரியவில்லை. எர்லிந்தாவின் கைக்கு அடியிலிருந்து தாளை மெல்ல உருவினார். தலைகீழாகப் பிடித்திருந்ததைத் திருப்பிப் பார்த்தார். நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். நகத்தில் இன்னும் திராட்சைக் கறை இருந்த விரல்களால் எர்லிந்தாவின் கையிலிருந்த பேனாவையும் எடுத்து, அதன் மூடியைத் தேடி மாட்டி, தாளுக்குப் பக்கத்தில் செருகினார். பிறகு டிரெய்லர்களுக்கு இடையே எங்கள் வீட்டுப் பக்கம் நடந்து போனார். ஊரில் தண்ணீர்க் காகிதத்தையும் அவர் இப்படித்தான் வீட்டுக்கு எடுத்து வந்து, அன்று இரவே பெயர் எழுதினார். எர்லிந்தாவின் விரல்கள் பேனாவைப் பிடித்திருந்தபடியே மேஜைமேல் குவிந்திருந்தன.