பனங்குற்றியை எடுத்த பிறகு

1

இந்தக் கதை எனக்குப் புத்தூரில் ஒரு செத்தவீட்டில் கிடைத்தது. தேத்தண்ணிக் கோப்பையோடு நின்ற ஒருவர், "மெசினிலை பிழையில்லை, பெடியன்தான் கவனமில்லை" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த எரிச்சலில்தான் எழுதுகிறேன். பெயர்களை மாற்றிவிட்டேன்.

முதல் வரி: ஜெயசுதன் கொஞ்சம் அவசரக்காரன், அதனால்

(வெட்டிவிட்டேன். பொய்.)

2

ஜெயசுதன் கவனமானவன். சின்ன உழவு இயந்திரத்தில் ஏறுமுன் சாரத்தை மாற்றிக் காற்சட்டை போடுவான்; சுழல்கிற கலப்பையில் துணி சிக்கிவிடும். பக்கத்தில் ஆளை ஏற்றமாட்டான். அவனுக்குப் பயம் ஒன்றே ஒன்றுதான்: தோட்டத்து மூலையில் நிலமட்டத்தோடு வாய் திறந்து கிடக்கும், சுற்றுக்கட்டு இல்லாத கிணறு. பிரித்துப் பிரித்து ஒடுங்கிப்போன காணி. இயந்திரத்தைப் பின்னுக்கு எடுக்காமல் அந்த மூலையை உழமுடியாது.

(மூலையை விட்டுவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். ஒரு துண்டுக் காணியை வைத்துச் சீவிப்பவனிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள்.)

கட்டு எழுப்பப் பங்குகாரரின் சம்மதம் வேண்டும். கிணற்றில் பாதி லண்டனில் இருக்கும் தில்லைநாதனுக்கு. ஜெயசுதனின் மனைவி கோபிகா வீடியோ அழைப்பில் கேட்டாள்.

"மாமா, செலவு எங்கடை. நீங்கள் ஓம் எண்டு சொன்னால் காணும்."

"கட்டினவனுக்குத்தான் கிணறு எண்டு பிறகு கதை வரும், பிள்ளை. நான் வந்து பாத்துச் சொல்லுறன்."

அவர் வரவில்லை. பின்னுக்கு வரும்போது இயந்திரத்தின் சில்லு தட்டி நிற்கட்டும் என்று ஜெயசுதன் கிணற்றோரம் ஒரு பனங்குற்றியைப் போட்டான். யாரோ படம் பிடித்து லண்டனுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"இண்டைக்குக் குற்றி போடுவியள், நாளைக்கு வேலி அடைப்பியள். எடுக்கச் சொல்லு!"

பெரியவர் சொல்லிவிட்டாரே என்று எடுத்தான். அடுத்த உழவில், மழைக்கு ஊறியிருந்த விளிம்பு

(இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை.)

3

வேறு முடிவுகளை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவன் குதித்துத் தப்புகிறான், இயந்திரம் மட்டும் விழுகிறது. எனக்கே நம்பிக்கை வரவில்லை. மண் இடியும்போது குதிக்க நேரம் கிடைக்காது. இன்னொன்றில் தில்லைநாதன் பறந்து வந்து கதறி அழுகிறார். அதைக் கிழித்துப் போட்டேன். அந்த அழுகையை அவருக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

உண்மையில் அவர் அனுப்பியது ஜெயசுதனின் படத்தோடு ஒரு கண்ணீர் அஞ்சலிப் பதாகை. நல்ல பெரியது. அதைக் கட்டுவதற்கு எந்தப் பங்குகாரரின் சம்மதமும் தேவைப்படவில்லை.*

* கிணறு இன்றும் அப்படியேதான் கிடக்கிறது.

4

ஆகவே கதையை அந்த உழவுக்கு முந்தின நாளில் நிறுத்துகிறேன். ஜெயசுதன் உயிரோடு இருக்கிறான், இயந்திரத்துக்கு டீசல் விடுகிறான். தில்லைநாதனைக் கதையிலிருந்து தூக்கிவிட்டு, கிணற்றில் அவருடைய பாதியை உங்கள் பெயருக்கு மாற்றியிருக்கிறேன். எழுதுகிறவனுக்கு அந்த அதிகாரமாவது இருக்கட்டும்.

கோபிகா தொலைபேசியை எடுக்கிறாள். அழைப்பு உங்களுக்குத்தான்.

"இவர் விடிய மெசினை இறக்கப்போறார். கட்டுறதுக்கு ஓமோ, இல்லையோ? இப்பவே சொல்லுங்கோ."